ஏஞ்சல் மீன் தன் முட்டையை ஏன் தின்கிறது?

தொட்டியில் ஏஞ்சல் ஜோடி முட்டை வைத்துவிட்டால் வீட்டில் அன்றைக்கு அதுதான் பேச்சு. மறுநாள் காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தால் இலை துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஒரு முட்டை மிச்சமிருக்காது. மீன் கடையில் போய்ச் சொன்னால் கடைக்காரர் ஆச்சரியப்படவே மாட்டார். இப்போது வருகிற ஏஞ்சல் எல்லாம் பண்ணையில் பாட்டிலில் பொரித்த பரம்பரை, அதுகளுக்குக் குஞ்சு வளர்க்கத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு மெத்திலீன் ப்ளூ மருந்துக் குப்பியை எடுத்து நீட்டுவார். சென்னையின் கொளத்தூர் கடைத்தெருவில் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்த மீன் வளர்ப்புப் புத்தகங்களிலும் இதே குற்றச்சாட்டைப் பல பத்தாண்டுகளாகப் படிக்கலாம். தலைமுறை தலைமுறையாக முட்டையைப் பிரித்தெடுத்தே வளர்த்ததில் இந்த மீனின் பெற்றோர் குணம் அழிந்துபோய்விட்டது என்பது அதன் சாரம்.

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் முட்டை காணாமல் போவதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. குணம் அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு அவற்றையெல்லாம் கழித்த பிறகுதான் வர வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் மீனைப் பற்றி. ஏஞ்சல், சிக்லிட் குடும்பத்து மீன். பூர்வீகம் தென் அமெரிக்கா; அமேசானும் அதன் கிளையாறுகளும், கயானாவின் எஸ்ஸெக்விபோவும் அதன் வீடு. நாம் கடையில் வாங்குவது டெரோஃபில்லம் ஸ்கலாரே என்ற இனம். 1823இல் அறிவியல் பெயர் பெற்றது. இன்னும் இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஒரினோகோவிலும் ரியோ நெக்ரோவின் மேல்பகுதியிலும் வாழும் ஆல்டம் மிக உயரமானது. அதைத் தொட்டியில் முட்டையிட வைப்பது இன்றைக்கும் கைதேர்ந்தவர்களுக்குக்கூட அபூர்வமாகவே வாய்க்கிறது. சிறியதான லியோபோல்டி, பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டின் பெயரில் 1963இல் பதிவானது. ஸ்கலாரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கு வந்து, கண்ணாடித் தொட்டிக்குள் பெருகத் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மார்பிள், கோய், கறுப்பு, தங்கம், நீள்துடுப்பு என்று கடையில் தொங்கும் பெயர்கள் எல்லாம் அந்த நூற்றாண்டின் பொறுக்கல்தான்.

சிக்லிட் குடும்பம் நமக்கு அந்நியமும் இல்லை. பழவேற்காடு ஏரியிலும் கேரளக் காயல்களிலும் கிடைக்கும் கரிமீன் அந்தக் குடும்பம்தான். ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டைக்குக் காவல் நின்று, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும். அமெரிக்க ஆய்வாளர்கள் ஜாக் வார்டும் ரிச்சர்ட் வைமனும் 1970களில் இலங்கையில் கரிமீனையும் அதன் ஆரஞ்சு நிறச் சகோதர இனத்தையும் கவனித்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெற்றோர் இருவரும் குஞ்சு காப்பது இந்தக் குடும்பத்தில் அவ்வளவு பழைய வழக்கம்.

ஏஞ்சல் முட்டையிடுவதைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் பிறகு நடப்பது புரியும். ஒரு நாள் முன்பே ஜோடி இடத்தைத் தேர்ந்துவிடும். அகன்ற அமேசான் ஸ்வார்ட் இலை, சாய்த்து வைத்த ஸ்லேட் பலகை, ஒரு பிவிசி குழாய், எதுவும் கிடைக்காவிட்டால் ஃபில்டர் குழாயோ ஹீட்டரின் கண்ணாடியோ. இருவரும் மாறி மாறி வாயால் அந்தப் பரப்பைக் கொத்திச் சுத்தம் செய்வார்கள். பக்கத்தில் வரும் மீன் எதுவானாலும் தொட்டியின் எதிர் மூலைக்குத் துரத்தப்படும். வயிற்றுக்குக் கீழே சின்னக் குழல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு வரும். ஆணுக்கு ஒல்லியாகக் கூர்ந்து, பெண்ணுக்குச் சற்றுத் தடித்து மழுங்கி. மற்ற நாட்களில் ஏஞ்சலில் ஆண் பெண் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான். இந்த ஒரு நாளில்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். பெண் இலையை வயிற்றால் உரசிக்கொண்டு மேலே போகும். முதல் சில ஓட்டங்கள் வெறும் ஒத்திகை, முட்டை வராது. பிறகு சரம் சரமாக, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத, தேன் நிறத்து முட்டைகள் ஒட்டிக்கொள்ளும். ஆண் அதே கோட்டில் பின்னால் போய் விந்து தெளிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருநூறு, முன்னூறு முட்டைகள். நன்கு வளர்ந்த பெண் ஐந்நூறும் வைக்கும். அப்புறம் மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டு இருவரும் முறை மாற்றி நிற்பார்கள்.

மறுநாள் சில முட்டைகள் வெள்ளையாகிவிடும். கருப்பிடிக்காமல் செத்தவை அவை. சாப்ரோலெக்னியா பூஞ்சை முதலில் அவற்றில்தான் பிடித்து, பஞ்சுபோல் படர்ந்து பக்கத்து முட்டைகளையும் மூடும். பெற்றோர் அவற்றைப் பொறுக்கித் தின்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு முட்டையைத் தின்பதாகத்தான் தெரியும். உண்மையில் அது களையெடுப்பு. 27, 28 டிகிரி சூட்டில் இரண்டு, இரண்டரை நாளில் முட்டை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுக்கு நீந்தத் தெரியாது. தலையில் சுரக்கும் பசையால் இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். கீழே விழுவதைத் தாயோ தகப்பனோ வாயில் கவ்வி மறுபடியும் ஒட்ட வைக்கும். சில சமயம் மொத்தக் கூட்டத்தையும் வாயாலேயே வேறு இலைக்கு இடம் மாற்றிவிடும். காலையில் பழைய இலையைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று தொட்டியைக் கழுவப் போனவர்கள் உண்டு.

கடையில் வந்து சேரும் புகார்களில் ஒரு பகுதி இப்படித் தப்பாகப் புரிந்துகொண்டதால் வருவது. இன்னொரு பகுதியில் குற்றவாளியே வேறு. நம் ஊரில் தொட்டி விற்கிறவர் எவரும் கண்ணாடியில் பாசி தின்னும் என்று சொல்லி ஒரு சக்கர் மீனையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். சக்கர் இரவில் மேயும் மீன். விளக்கு அணைந்த பிறகு ஏஞ்சலுக்குக் கண் சரியாகத் தெரியாது. சக்கருக்குக் கண் தேவையே இல்லை. விடிவதற்குள் இலையை வழித்துவிட்டு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், பழி ஏஞ்சலின் தலையில் விழும். தொட்டிக்குள் மங்கலான ஒரு விளக்கை இரவு முழுவதும் எரியவிட்டு, சக்கரை வேறு தொட்டிக்கு மாற்றினாலே பாதி வீடுகளில் இந்தப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன்.

ஆண் துணையே இல்லாத ஜோடியும் உண்டு. இரண்டு பெண் ஏஞ்சல்கள் சேர்ந்து இலையைச் சுத்தம் செய்து, இரண்டுமே முட்டை வைத்து, இரண்டும் காவல் நிற்கும். ஏ.கே. சியென் 1973இல் வெளியிட்ட ஆய்வு, பெண் ஏஞ்சல் எவ்வளவு அடிக்கடி முட்டையிடுகிறது என்பதில் துணை தரும் தூண்டலுக்கு உள்ள பங்கை அளந்து காட்டியது. ஆகவே தொட்டியில் முட்டை இருப்பதால் மட்டும் ஆண் இருக்கிறது என்று ஆகிவிடாது. அப்படிப்பட்ட முட்டைகள் எல்லாம் இரண்டாம் நாள் வெள்ளையாகும், தின்னப்படும். தின்னாமல் என்ன செய்யும்?

தண்ணீருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அமேசானின் நீர் மென்மையானது, லேசான அமிலம்; உப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். சென்னையில் பல இடங்களில் போர்வெல் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டும். குடிநீருக்கே இந்தியத் தரநிலை 500ஐத்தான் விரும்பத்தக்க அளவாக வைத்திருக்கிறது. பண்ணை ஏஞ்சல் அந்த நீரிலும் உயிரோடு இருக்கும், வளரும், முட்டையும் இடும். ஆனால் அதிகக் கால்சியம் உள்ள நீரில் கருப்பிடிப்பது குறைகிறது என்பது வளர்ப்பாளர்களின் நீண்டநாள் அனுபவம். பாதிக்கு மேல் வெள்ளையாகிப்போன முட்டைத் தொகுதியை ஜோடி முழுசாகவே கைவிட்டுவிடும். 2003இலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் ஏஞ்சல் மீனை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் முதல் இரண்டு மழை மாடியைக் கழுவிவிட்ட பிறகு பிடித்த நீர்தான் இந்த மீனுக்கு நம் ஊரில் சும்மா கிடைக்கிற மிக நல்ல நீர். போர்வெல் நீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே வித்தியாசம் தெரியும். குழாய்த் தண்ணீரானால் குளோரினை முறிக்க வேண்டும். அதற்குரிய சோடியம் தயோசல்ஃபேட் கட்டிகள் எந்த மீன் கடையிலும் கிடைக்கும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் தின்கிற ஜோடிகள் இருக்கத்தான் செய்கின்றன. விவாதம் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பெற்ற பிள்ளையைத் தின்பது கோளாறு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 1978இல் சீவர்ட் ரோவர் என்ற உயிரியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். முட்டை காக்கும் மீனுக்குக் காவல் என்பது செலவு. அந்த நாட்களில் மேய முடியாது, உடம்பு இளைக்கும். சில முட்டைகளைத் தின்று தெம்பைத் தக்கவைத்துக்கொண்டால் மீதியைக் காப்பாற்றலாம். மொத்தத் தொகுதியே சிறியது, காப்பாற்றும் செலவுக்குக் கட்டாது என்றால் எல்லாவற்றையும் தின்றுவிட்டு அடுத்த முறைக்குத் தயாராகலாம். பரிணாமக் கணக்கில் இரண்டும் லாபம்தான். 2002இல் அந்திரேயா மானிகா மீன்களிடையே இந்தப் பழக்கம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, எத்தனையோ குடும்பங்களில், தொட்டியையே பார்த்திராத காட்டு மீன்களிலும், அது சாதாரணமாக நடப்பது தெரிந்தது. அதே ஆண்டு ப்யூக்ரெகரி என்ற கடல் மீனில் இன்னொரு கோணம் வெளிவந்தது: தகப்பன் மீன் சில முட்டைகளைத் தின்று நெருக்கத்தைக் குறைத்தபோது எஞ்சிய முட்டைகள் நன்றாகப் பிழைத்தன. அடர்ந்து ஒட்டிய முட்டைகளுக்கு நடுவே ஆக்ஸிஜன் போய்ச் சேருவதில்லை.

ரோவரின் கணக்கை வீட்டுத் தொட்டிக்குள் போட்டுப் பாருங்கள். ஆற்றில் முட்டையிட ஏற்ற காலத்துக்கு அளவு உண்டு. ஒரு தொகுதி போனால் அது பெரிய நஷ்டம். தொட்டியில் எல்லா நாளும் ஒரே வெப்பம், இரண்டு வேளைச் சாப்பாடு. முட்டை போனால் பத்துப் பதினைந்து நாளில் அடுத்தது தயார். அடுத்த வாய்ப்பு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது, சின்ன சந்தேகம் வந்தாலும் இருப்பதைத் தின்றுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மீனுக்குக் கட்டுபடியாகும். அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவது பெரும்பாலும் நாம்தான். முட்டை வைத்த அன்று தொட்டிக்கு முன்னால் குடும்பமே கூடி நின்று, செல்போனில் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுத்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி முடிப்பதற்குள் ஜோடி தன் கணக்கை முடித்துவிடும்.

அனுபவத்தின் பங்கு இன்னொன்று. கொன்ராட் லோரன்ஸ் 1949இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற புத்தகத்தில் ஆப்பிரிக்கச் சிக்லிட் ஒன்றைப் பற்றி ஒரு காட்சி எழுதியிருக்கிறார். மாலையில் குஞ்சுகளை வாயில் கவ்விக் கூட்டுக்குக் கொண்டுபோகும் தகப்பன் மீன் அது. வாயில் புழுவோடு இருக்கும்போது வழிதவறிய குஞ்சு ஒன்று எதிர்ப்பட, அதையும் கவ்விவிட்டது. ஒரே வாயில் உணவும் பிள்ளையும். அசையாமல் நின்ற மீன், இரண்டையும் கீழே துப்பியது; புழுவைத் தின்றது; அப்புறம் குஞ்சை எடுத்துக்கொண்டு போனது. விழுங்குவதற்கும் தூக்கிச் செல்வதற்கும் அதே வாய்தான். முதல் முறை முட்டை வைக்கும் ஏஞ்சல் எட்டு, பத்து மாதக் குட்டி. தன் எதிரில் துடிப்பது இரையாகப் போடும் ஆர்ட்டீமியா அல்ல என்பது அதற்குப் பழகியாக வேண்டும்.

இதே ஆப்பிரிக்க மீனை வைத்து நோபிளும் கர்ட்டிஸும் 1939இல் செய்த சோதனை இன்னும் கடுமையானது. முதல் முட்டைத் தொகுதியை எடுத்துவிட்டு வேறு இனத்து முட்டைகளை வைத்தார்கள். மீன் அந்நியக் குஞ்சுகளை வளர்த்தது; அடுத்த முறை தன் சொந்தக் குஞ்சுகளைக் கொன்றது என்று அவர்கள் எழுதினார்கள். 1960களில் மற்றவர்கள் செய்து பார்த்தபோது முடிவு அவ்வளவு துலக்கமாகக் கிடைக்கவில்லை. சிக்லிட் பெற்றோர் தம் இனத்தையே விரும்பும் போக்கு பிறவியிலேயே ஓரளவு உண்டு என்று தெரிந்தது. இருந்தாலும் முதல் அனுபவம் பிற்பாடு நடப்பதைப் பாதிக்கும் என்பதை யாரும் முழுக்கத் தள்ளிவிடவில்லை. பிரேசிலில் ஏஞ்சலை வைத்தே ஆராய்ந்த கச்சோ, யமாமோட்டோ, செல்லப்பா குழுவும் பெண் மீன்கள் வலிமையும் அனுபவமும் உள்ள ஆணைத் தேடுவதைக் கண்டிருக்கிறது. ஆறு குட்டிகளை வாங்கி ஒன்றாக வளர்த்து அவையே ஜோடி சேர விடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் நியாயம் இதுதான். கடைக்காரர் தேர்ந்து கொடுக்கும் 'ஜோடி' பெரும்பாலும் ஜோடியே இல்லை. கூட்டமாக வளர்வது இளம் ஏஞ்சலுக்கு எப்படியும் தேவை. கூட்டத்தின் அளவைக்கூட அது கவனிக்கிறது. கோமெஸ்-லப்லாசாவும் ஜெர்லாயும் 2011இல் சோதித்தபோது, எண்ணிக்கையில் இரண்டுக்கு ஒன்று வித்தியாசம் இருந்தால் பெரிய கூட்டத்தின் பக்கமே ஏஞ்சல் போனது.

இனி அந்தப் பழைய குற்றச்சாட்டு. தலைமுறைதோறும் செயற்கையாகப் பொரித்தால் பெற்றோர் குணம் தேயுமா? கோட்பாட்டளவில் தேய வாய்ப்பு உண்டு. குஞ்சு காக்கத் தெரிந்த மீனுக்கும் தெரியாத மீனுக்கும் பண்ணையில் சம வாய்ப்பு. தெரியாததைக் கழித்துக்கட்டும் சல்லடை அங்கே இல்லை. ஏஞ்சலுக்கு நெருங்கிய உறவான டிஸ்கஸோடு ஒப்பிட்டால் இது விளங்கும். டிஸ்கஸ் குஞ்சுகள் முதல் சில வாரம் பெற்றோரின் தோலில் சுரக்கும் கோழையைத் தின்றே வளர்கின்றன. பிளிமத் பல்கலைக்கழகக் குழு 2010இல் அந்தக் கோழையின் புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் குஞ்சு இருக்கும் நாட்களில் கூடுவதைக் காட்டியது; பாலூட்டிகளின் தாய்ப்பாலோடு அதை ஒப்பிட்டது. ஆகவே டிஸ்கஸ் பண்ணையாளருக்குப் பெற்றோர் குணம் வேண்டும், அது இல்லாத ஜோடி அவருக்கு வீண். ஏஞ்சல் குஞ்சுக்குக் கோழை தேவையில்லை, உப்புநீரில் பொரித்த ஆர்ட்டீமியா போதும். எனவே பண்ணையாளருக்கு ஏஞ்சலின் தாய்மை தேவைப்படுவதே இல்லை. கணக்கும் அவரை அந்தத் தாய்மைக்கு எதிர்ப்பக்கமே இழுக்கிறது. குஞ்சோடு விட்டால் ஜோடி வாரக்கணக்கில் மறு முட்டை வைக்காது; எடுத்துவிட்டால் மாதம் இரண்டு முறை வைக்கும். கொளத்தூரின் சிமெண்ட் தொட்டிகளில் ஸ்லேட்டோடு முட்டையைத் தூக்குவது இதனால்தான். நிறத்துக்காகவும் துடுப்புக்காகவும் பொறுக்கிய மீனில் யாரும் நடத்தையைப் பொறுக்கவில்லை. ராமிரெசி என்ற சின்னச் சிக்லிட் வளர்ப்பவர்களிடமும் இதே புலம்பலைக் கேட்கலாம். அங்கே அது இன்னும் மோசம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. காரணம் எளிது. மூன்று தொகுதிகளைத் தின்ற அதே பண்ணை ஜோடி நான்காவதையோ ஐந்தாவதையோ நன்றாக வளர்த்துவிடுவதை வளர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். குணம் அழிந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது? பண்ணையில் எந்த ஜோடிக்கும் நான்காம் வாய்ப்பு கொடுப்பதில்லை. முதல் முட்டையிலேயே ஸ்லேட்டை உருவிவிட்டு, இந்த மீனுக்கு வளர்க்கத் தெரியாது என்று சொல்வது, பரீட்சைக்கு உட்காரவே விடாத பையனைத் தோற்றவன் என்பதுபோல. குணம் இருக்கிறது, அது தலைதூக்குவதற்கு முன்பைவிடக் கூடுதல் அமைதியும் பழக்கமும் தேவைப்படுகிறது என்பதே என் வாசிப்பு.

வீட்டில் வளர்ப்பவருக்குப் பண்ணையின் அவசரம் கிடையாது. ஜோடிக்கு 45 சென்டிமீட்டர் உயரமுள்ள, நூறு லிட்டர் கொள்ளும் தனித் தொட்டி. வேகமாக இழுக்காத ஸ்பாஞ்ச் ஃபில்டர். மூன்று பக்கமும் காகிதம் ஒட்டிய கண்ணாடி. புதுத் தொட்டியானால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். சென்னையில் ஹீட்டர் வடகிழக்குப் பருவமழையிலும் மார்கழியிலும்தான் வேலை செய்யும். ஆனால் அந்த நாட்களில்தான் வெள்ளைப்புள்ளி நோய் வரும், அதனால் மாட்டிவைப்பது நல்லது. நான்கைந்து தொகுதிகள் போகட்டும் என்று விட்டுவிடலாம். அதற்கும் பிறகு தின்கிற ஜோடியிடமிருந்து முட்டையைப் பிரித்துக்கொள்வதில் குற்றமில்லை. அதே தொட்டி நீர், வெளிர்நீலமாகத் தெரியும் அளவு மெத்திலீன் ப்ளூ, முட்டைக்குப் பக்கத்தில் ஏர் ஸ்டோன்; அவ்வளவுதான் கருவிகள்.

குஞ்சு நீந்தத் தொடங்குவது முட்டை வைத்த ஏழாம் எட்டாம் நாள். அன்றைக்கே ஆர்ட்டீமியா தயாராக இருக்க வேண்டும் என்றால் முந்தின நாளே உப்புநீரில் போட்டிருக்க வேண்டும். 28 டிகிரியில் பொரிய ஒரு நாள் ஆகும். வேகவைத்த மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றும் பழைய வழக்கம் நீரைக் கெடுப்பதோடு சரி. மூன்று நான்கு வாரத்தில் குஞ்சு ஏஞ்சலின் வடிவத்துக்கு வரும். நெரிசலில் வளர்ந்தால் துடுப்பு குட்டையாகிவிடும். செவுள் மூடி மடங்கியது, வயிற்றுத் துடுப்பு இல்லாதது என்று சிலது இருக்கும். அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைக்கக் கூடாது. பெற்றோருடன் வளர்கிற தொகுதியில் இருநூறு பொரித்து முப்பது மிஞ்சினால் பலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அது நிம்மதியாகப் படுகிறது. இருநூறு ஏஞ்சலை எந்த வீடு தாங்கும்? மிஞ்சியதை ஏரியில் விடவே கூடாது. அப்படி விட்ட சக்கர் சென்னை ஏரிகளில் என்ன செய்கிறது என்பதை வலை போடுகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஐந்து ரூபாய் நாணய அளவு வந்ததும் பக்கத்துக் கடையில் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தீவனமோ ஆர்ட்டீமியா முட்டையோ வாங்கிக்கொள்வதே வழக்கம். கொடுக்கும்போது இவை பெற்றோர் வளர்த்தவை என்று கடைக்காரரிடம் சொல்லிவைக்கலாம். அப்படிக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.